வெள்ளைக் கட்டை

முதலில் கழிப்பறைகளை வைத்துவிட வேண்டும். ஊரைப் பிறகு அவற்றுக்கு நடுவில் எங்காவது செருகிக்கொள்ளலாம்.

இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இரண்டு நாள் நகரம் சுற்றிப் பார்க்கப் போகிறவள் கோபுரத்தையும் ஆற்றுப் படகையும் மீன் காட்சியகத்தையும் நினைக்காமல், எங்கே தண்ணீர் வரும், எங்கே தாழ்ப்பாள் இருக்கும் என்று நினைக்கிறாள் என்றால் ரசனை கெட்டவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். போன தடவை கோபுரத்து வரிசையில் பாதி தூரம் நகர்ந்த பிறகு “அம்மா, வருது” என்று ஒரு குரல் கேட்டதே, அப்போது அவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை.

அவள் முன்னறைத் தரையில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்ட தட்டுகள் மேசை மேலேயே காய்ந்துகொண்டிருந்தன. துவைத்த துணி நாற்காலியில் குவிந்து கிடந்தது. அந்த நாற்காலியில் ஒரு மனிதர் உட்கார்ந்து வெகு நாளாகிறது. எதிரே பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டைகளைக் கொட்டி வைத்திருந்தாள். பச்சையாகப் பார்த்துப் பொறுக்கி, இடைவெளி விட்டு வைத்துக்கொண்டே வந்தாள். பச்சை என்றால் கழிப்பறை. சிவப்பு, ரயிலோ பஸ்ஸோ நடையோ. நீலம், பார்க்கிற இடம். மஞ்சள், சாப்பாடு. தரை ஓடுகளின் கோடு வசதியாக இருந்தது. மேல் வரிசை சனிக்கிழமை, கீழ் வரிசை ஞாயிறு.

ஊர் சுற்றுவதற்குக் கட்டையடுக்கித் திட்டம் போடுகிறவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வேறு மாதிரி அவளுக்கு வராது. பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் டியூட்டி போடுவது அவள் வேலை. யார் எந்த வண்டியை எடுப்பது, எங்கே இறங்குவது, இறங்கிய இடத்தில் யார் ஏறுவது எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆனாலும் அவள் அறைக்கு வெளியே சுவர் முழுக்க ஒரு பழைய மரப்பலகை உண்டு. ஆளுக்கு ஒரு வரிசை கொக்கி, கொக்கிகளில் நிறம் பூசிய தகரத் தகடுகள். கம்ப்யூட்டர் தாளை டிரைவர்கள் நம்புவதில்லை. காலையில் வந்து அண்ணாந்து பலகையைப் பார்த்துத்தான் அன்றைய தலையெழுத்தைத் தெரிந்துகொள்வார்கள். சிலர் பெருமூச்சு விட்டுப் போவார்கள். சிலர் அவளுடைய ஜன்னலுக்கு வந்து சண்டை போடுவார்கள்.

“உனக்கென்ன, உன் வேலையே அதுதானே! அத்தனை டிரைவருங்கள மேய்க்கிறவளுக்கு வீட்டுல இருக்கற மூணு பேர் ஒரு கணக்கா?” என்று கணவன் போன வாரமே சொல்லிவிட்டான். பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்தது அவன். திட்டம் அவளுடையது. அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். உன் வேலையே ஏற்றி இறக்குவதுதானே என்று அவனை யாரும் பெட்டி தூக்கச் சொல்வதில்லை. இந்த நியாயம் அவளுக்கு உடனே தோன்றியது. சொல்லவில்லை. நியாயம் பேசவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

“அம்மா, கோபுரம் எங்க?”

பெரியவள். ஆறு வயது. எதையும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

“இதோ, இந்த நீலம்.”

“ஒரு கட்டைதானா? கோபுரம் உயரமா இருக்கும்ல? மூணு வெச்சு அடுக்கணும்.”

“இது உயரத்துக்கு இல்ல கண்ணு. எவ்வளவு நேரம் பாக்கறோங்கறதுக்கு.”

“அப்ப கோபுரத்தையும் மீனையும் ஒரே நேரமா பாக்கறோம்? கோபுரம் ஒண்ணுதான் இருக்கு. மீன் எவ்வளவு இருக்கு!”

மறுக்க முடியாத வாதம். மீனுக்கு இன்னொரு நீலம் வைத்தாள். அந்தச் சமயம் சின்னவன் வாயால் இஞ்சின் சத்தம் போட்டுக்கொண்டே வந்து, சனிக்கிழமை மதியத்தின் மேல் தன் லாரியை ஓட்டிக்கொண்டு போனான். இரண்டு மஞ்சளும் ஒரு பச்சையும் நாற்காலிக்கு அடியில் போயின. அவனுக்கு மூன்று வயது. எந்தப் பக்கம் தள்ளினாலும் உருண்டு எழுந்துவிடுவதால் உருண்டை. அவனுக்கு நகரத்தில் ஒரே ஒரு விருப்பம்தான்: பெரிய கடையில் இருக்கும் நகரும் படிக்கட்டு. போன முறை அதில் ஏறி இறங்கி, மறுபடி ஏறி, வெளியே இழுத்துக்கொண்டு வந்தபோது போட்ட கூப்பாட்டில் காவலாளி வந்து, “உங்க பிள்ளைதானா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவள் குனிந்து கட்டைகளைத் தேடி எடுத்து மறுபடி வைத்தாள். குரங்கு கையில் பூமாலை என்று திட்டக்கூட வாய் எழவில்லை. கலைப்பதும் வைப்பதும்தானே, டிப்போவில் தினமும் நடப்பது.

“இது என்ன வெள்ளை?” வக்கீலின் விரல் கீழ் வரிசையில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை, மஞ்சளுக்கும் வீடு திரும்பும் சிவப்புக்கும் நடுவில், ஒரே ஒரு வெள்ளைக் கட்டை.

“அது அம்மாவோடது.”

“அம்மாவோட என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னா எதுக்கு வெச்சிருக்க?”

“போய்க் கை கழுவிட்டு வா, ஒட்டுது பாரு” என்றாள். தோற்கிற பக்கம் எப்போதும் இப்படித்தான் வழக்கைத் தள்ளிப்போடும் என்று தெரிந்தவள் மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெரியவள் எழுந்து போனாள்.

டிப்போப் பலகையில் வெள்ளைத் தகடு என்றால் ஓய்வு. வண்டியை விட்டு இறங்கி அடுத்த வண்டியில் ஏறும்வரை அந்த ஆளை யாரும் கூப்பிடக் கூடாது. படுக்கலாம், சீட்டாடலாம், சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மற்ற தகடு ஒவ்வொன்றுக்கும் பின்னால் வழித்தடம் எழுதியிருக்கும். வெள்ளைத் தகட்டைத் திருப்பினால் பின்னாலும் வெள்ளைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போதெல்லாம் தகடுகளைத் துடைத்து வைக்கும்போது வெள்ளையை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் துடைக்கிறாள்.

வியாழக்கிழமை அந்தத் தகடுகளில் ஒன்றைத் தன் கையாலேயே கழற்றினாள்.

அங்கே ஒரு டிரைவர் இருக்கிறார். ஓய்வறை பெஞ்சில் முதுகு பட்டதும் குறட்டை விடுவார் என்பதால் எல்லாருக்கும் அவர் குறட்டை அண்ணன். அன்று ஒருவர் வரவில்லை. மேலாளர் அவள் மேசைக்கு வந்து, “குறட்டையோட வெள்ளையைக் கொஞ்சம் தள்ளி மாட்டுங்கம்மா. எடுக்க வேணாம், தள்ளி. ஒரே ஒரு ட்ரிப்தான்” என்றார். அவள் மாட்டினாள். குறட்டை அண்ணன் வந்து பலகையை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஜன்னலில் தலையை நீட்டி, “என்னம்மா, என் தூக்கத்த எந்த ஊருக்கு மாத்தல் பண்ணிட்டீங்க?” என்றார்.

“சாயங்காலம் இருக்குண்ணே.”

“இருக்கட்டும், இருக்கட்டும். அதுவும் பொழச்சுக் கெடந்து சாயங்காலம் வரட்டும்.”

சிரித்துக்கொண்டேதான் போனார். சாயங்காலம் இன்னொரு வண்டி பழுதாகி நின்றது. மேலாளர் மறுபடி வந்தார். அவள் அந்த வெள்ளையைக் கழற்றி வெள்ளிக்கிழமை வரிசையில் மாட்டினாள். வெள்ளிக்கிழமை வேறொரு காரணம் இருந்தது. யாரும் யாருடைய ஓய்வையும் பிடுங்குவதில்லை. அப்படிப் பிடுங்கினால் சங்கம் இருக்கிறது, கேள்வி கேட்பார்கள். நகர்த்துவார்கள். நகர்த்துகிற கை அவளுடையது. நகர்ந்த வெள்ளை எதுவும் நகர்ந்த இடத்தில் இருந்ததில்லை என்பது அந்தக் கைக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வெள்ளைக் கட்டையின் ஒரு மணி நேரத்தை அவள் எதற்காகக் கேட்கிறாள்?

தன்னையே கேட்டுப் பார்த்தாள். போன முறை நகரத்தில், படகுத் துறைக்குப் போகும் வழியில், ஆற்றோரம் நீளமான ஒரு பெஞ்ச் இருந்தது. அதில் அவள் வயதில் ஒரு பெண் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனைப் பார்க்கவில்லை. எதையும் தின்னவில்லை. ஆற்றைக்கூடப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவளுக்கு என்ன துக்கமோ, யார் கண்டது. யாருக்காகவோ காத்திருந்து அந்த ஆள் வராமலும் போயிருக்கலாம். ஆனால் அந்த வழியே ஒரு கையில் உருண்டையையும் மறு கையில் ஈரத் துணிப் பையையும் தூக்கிக்கொண்டு போனவளுக்கு நடை தானாக நின்றுவிட்டது. “என்ன, வா, படகு போயிடும்” என்று கணவன் கூப்பிட்டான். படகு, கோபுரம், மீன் எல்லாம் அவள் நினைவில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பெஞ்ச் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த நகரத்தில் அவள் பார்க்க விரும்பிய ஒரே இடம் அதுதான்.

சில நாளாக ஒரு பயமும் சேர்ந்திருந்தது. போன வாரம் மருந்துக் கடை வரிசையில் தனியாக நின்றிருந்தாள். பின்னால் இருந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, “குழந்தைய வீட்ல விட்டுட்டு வந்தீங்களா?” என்று கேட்டாள். அப்போதுதான் கவனித்தாள்: இடுப்பில் யாரும் இல்லாமலேயே இடமும் வலமுமாக ஆடிக்கொண்டு நின்றிருக்கிறாள், குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பது போல. நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் உடம்பு மறுபடி ஆட ஆரம்பித்தது. தூக்கத்திலும் அவள் தகடுகளைத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறாள். எதையும் தூக்காமல், எதையும் மாட்டாமல் ஓர் இடத்தில் உட்கார்ந்தால் உள்ளே மிச்சம் யாராவது இருக்கிறார்களா என்று தெரிய வேண்டும். இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறாள். பார்த்துவிட்டால் நிம்மதி. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால், “உனக்கு என்ன குறை?” என்பார்கள். குறை ஒன்றும் இல்லைதான்.

கணவன் குளித்துவிட்டுத் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான்.

“அட, டிப்போவையே வீட்டுக்குக் கொண்டு வந்துட்டியா?” குந்தி உட்கார்ந்து பார்த்தான். “நல்லாத்தான் இருக்கு. ஆனா எதுக்கு இவ்வளவு பச்சை? நாம ஊர் பாக்கப் போறோமா, கக்கூஸ் பாக்கப் போறோமா?”

“போன தடவ யாரோட சட்டை நனைஞ்சுது?”

அவன் பேச்சை மாற்றினான். “இது என்ன வெள்ளை?”

கை கழுவிவிட்டு வந்த வக்கீல் முந்திக்கொண்டாள். “அது ஒண்ணுமில்லையாம்ப்பா.”

“ஒண்ணுமில்லன்னா அங்க படகு வெச்சுடலாமே. இந்தத் தடவ படகு விட்டுப் போகக் கூடாது.”

“படகு சனிக்கிழமை இருக்கு. அது எனக்கு” என்றாள் அவள்.

“உனக்கா? ஏதாவது வாங்கணுமா?”

“இல்ல. சும்மா.”

“சும்மான்னா?”

“சும்மான்னா சும்மாதாங்க. ஆத்தோரம் ஒரு பெஞ்ச் இருக்கு. அதுல ஒரு மணி நேரம் உக்காந்திருப்பேன்.”

“அப்ப நாங்க?”

“நீங்க மூணு பேரும் நகர்ற படிக்கட்டுல ஏறி இறங்கிட்டு இருங்க. இவன் அதுக்குத்தானே ஊருக்கே வர்றான்.”

“ரெண்டையும் நான் ஒருத்தனாவா?” துண்டு அவன் தலையிலேயே நின்றது.

“லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க எல்லாரையும் தனியாளா எறக்கி விட்டேன்னு அன்னிக்கு அவ்வளவு பெருமையா சொன்னீங்க?”

“அவங்க பெரியவங்கம்மா. பொறுமையா இருங்கன்னா இருப்பாங்க. இதுங்க இருக்குமா?”

“இருக்காதுதான்.”

அவன் உருண்டையைப் பார்த்தான். உருண்டை ஒரு சிவப்புக் கட்டையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான். “சரி விடு. ஒரு மணி நேரம்தானே, செத்தா போயிடுவேன்?” என்றான். கெட்டவன் இல்லை. கேட்டால் கொடுப்பான். ஆனால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்க வேண்டும்.

இருந்தாலும் அவளுக்குள் ஏதோ ஒன்று கையைக் காலை நீட்டிக்கொண்டது. வெள்ளைக் கட்டையைத் தொட்டு நேராக்கினாள்.

அப்போது போன் அடித்தது. அவனுடைய அக்கா.

அவளுக்கு அண்ணி. பக்கத்து ஊரில் இருக்கிறாள். அவள் கணவர் கப்பலில் வேலை பார்ப்பவர். வந்து போவது மழை மாதிரி, சொல்ல முடியாது. பிள்ளைகள் இரண்டு. கூட்டத்தைக் கண்டால் கையை உதறிவிட்டு ஓடும் மூத்தவன் ராக்கெட். இடுப்பை விட்டு இறங்காத கைக்குழந்தை ஒட்டு.

“வாக்கா, தாராளமா வா!” கணவன் போனில் பேசியபடியே அறையைச் சுற்றி வந்தான். “ரெண்டோட ரெண்டு நாலு. பிள்ளைங்களுக்கும் விளையாட்டாப் போகும். அவளா? அவ என்ன சொல்லப் போறா.”

இதில் அவளுக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியமும் இல்லை. உருண்டை பிறந்தபோது அண்ணிதான் வந்து தங்கி, அவள் எழுந்து நடமாடும்வரை இந்த வீட்டைத் தாங்கினாள். பச்சைக் கட்டைகளை நெருக்கி வைத்தாள். நாலு பிள்ளைகளோடு கோபுரம் ஏறுவது நடக்காது, அதை எடுத்தாள். மீன் இரண்டு நீலத்தோடு தப்பியது. கீழ் வரிசையில் கை வைக்கவில்லை.

கணவன் போனோடு பால்கனிக்குப் போனான். குரல் இறங்கியது. திரும்பி வந்தபோது அவன் நின்ற விதத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. டிப்போ ஜன்னலில் லீவு கேட்க வருகிறவர்கள் இப்படித்தான் ஒரு காலில் நிற்பார்கள்.

“அக்காவுக்கு ஞாயித்துக்கிழமை மதியம் ஒரு வேலை இருக்காம். துணி எடுக்கணுமாம். ரெண்டையும் இழுத்துக்கிட்டு அந்தக் கூட்டத்துல கடை ஏற முடியுமா, சொல்லு? அந்த நேரம் நீ சும்மாதானே இருக்கப் போற. எல்லாத்தையும் உங்கிட்ட விட்டுட்டு...”

“நீங்க இருக்கீங்களே.”

“நாலையுமா? விளையாடறியா? ராக்கெட்டத் துரத்திப் போனா ஒட்டு அழும், ஒட்டத் தூக்கினா உருண்டை படிக்கட்டுல கைய விடுவான், இந்த வக்கீல் அதையெல்லாம் உங்கிட்ட வந்து சாட்சி சொல்லுவா. என்னால ஆகாதும்மா.”

“அண்ணிய காலைல போகச் சொல்லுங்க. மீன் பாக்கற நேரத்துல நாலையும் நானே பாத்துக்கறேன்.”

“அதையும் கேட்டேன். மீன் அவளும் பாக்கணுமாம். வீட்ட விட்டு வெளிய வந்தே எவ்வளவு காலமாச்சுன்னா.” அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். “எடுக்க வேணாம். கொஞ்சம் தள்ளி வெச்சுப்போம். ட்ரெய்ன்ல ஏறினதும் பிள்ளைங்க தூங்கிடும்ல? நீ பாட்டுக்கு ஜன்னல் ஓரமா உக்காந்துக்க. யாரு உன்னக் கேக்கப் போறா?”

சொல்லிக்கொண்டே ஒரு விரலால் வெள்ளைக் கட்டையைத் தள்ளினான். அது ஓட்டின் கோட்டைத் தாண்டிப் போய்க் கடைசிச் சிவப்பின் மேல் இடித்து நின்றது. முரட்டுத்தனமாகத் தள்ளவில்லை, அக்கறையாகத்தான் தள்ளினான். தகட்டைக் கழற்றும்போது தானும் இப்படித்தான், சத்தம் வராமல், அக்கறையாகக் கழற்றுவாள் என்று நினைத்துக்கொண்டாள். ரயிலில் யாராவது ஒருத்தர் தூங்கமாட்டார்கள். தூங்கினால் அவள் மடியில் தூங்குவார்கள். பிறகு வீடு. பிறகு மறுநாள் காலை டிப்போ.

அவள் கட்டையை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். “சரி, உன் இஷ்டம். ஆனா அக்காகிட்ட என்னன்னு சொல்றது? பெஞ்சுல உக்காரப் போறான்னா சொல்ல முடியும்? ஒண்ணு பண்ணு. பல் டாக்டர் ஒருத்தர் அங்க இருக்கார், பாக்கப் போறேன்னு சொல்லிடு. நோவுன்னா அவ ஒரு வார்த்தை சொல்ல மாட்டா.”

“அம்மா, பல்லு வலிக்குதா? ஆ காட்டு” என்று வக்கீல் முகத்துக்கு நேராக வந்துவிட்டாள்.

நல்ல யோசனை. உண்மையிலேயே நல்ல யோசனை. பல்வலி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணி பதறிப்போய், “முதல்ல அதப் பாரும்மா” என்பாள். பிள்ளைகளை எப்படியாவது அவளே சமாளித்துக்கொள்வாள். இந்தக் குடும்பத்தில் நோவு என்றால் தள்ளி வைக்கச் சொல்லமாட்டார்கள். அவள் அந்த ஒரு வார்த்தையை நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்ன ஆகும்? பெஞ்சில் உட்கார்ந்து, இல்லாத வலியைப் பற்றித் திரும்பிப் போனதும் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பாள். எந்தப் பல், இடமா வலமா, பிடுங்கினாரா. அடுத்த முறை வேறு ஒரு நோவு தேட வேண்டும். பல் போய், தலை போய், முதுகு போய், ஒரு கட்டத்தில் உண்மையாகவே நோவு வந்தால்தான் நிமிர்ந்து உட்கார முடியும் என்று ஆகிவிடும்.

அண்ணிக்கும் துணி ஒன்றும் எடுக்க வேண்டியிருக்காது என்று அப்போதுதான் தோன்றியது. அண்ணியின் அலமாரி அவளுக்குத் தெரியும். பிரிக்காத பொட்டலங்களே அதில் இருக்கின்றன. அண்ணிக்கும் வேண்டியது இடுப்பில் ஒட்டு இல்லாமல், கையில் ராக்கெட் இல்லாமல் ஒரு தெரு நடப்பது. அதற்குத் துணி என்று நிறம் பூசிக் கேட்கிறாள். வெள்ளையாகக் கேட்டால் யாரும் கொடுக்கமாட்டார்கள் என்று அண்ணி எப்போதோ தெரிந்துகொண்டிருக்க வேண்டும். இதை நினைத்ததும் அண்ணி மேல் அவளுக்கு ஒரு பிரியம் வந்தது. மறுப்பது இன்னும் கஷ்டமாயிற்று. காலையில் அவளுக்கு மீனை விடச் சம்மதமில்லை. மதியத்தை இவளுக்கு விடச் சம்மதமில்லை. இரண்டு பேரும் ஒரே தட்டில் கை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கணவனின் கையிலிருந்த போன் மறுபடி அடித்தது. அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். எடுக்காமல் அவளிடம் நீட்டினான்.

“என்னம்மா, தம்பி என்னமோ மென்னு முழுங்கினான்? உனக்கு அன்னிக்கு ஏதோ வேலையாமே?” அண்ணியின் குரலுக்குப் பின்னால் ஒட்டின் சிணுங்கல் கேட்டது. கூடவே தட்டிக்கொடுக்கும் சத்தமும்.

“வேலை எதுவும் இல்ல அண்ணி.”

“அதானே பாத்தேன். அப்ப இதுங்களக் கொஞ்சம் பாத்துக்க. ஒரு மணி நேரந்தான். ஒட்டு உங்கிட்டன்னா அழவே மாட்டான். என் கைய விட உன் கை அவனுக்குப் பழக்கம்.”

அது நிஜம். அழமாட்டான். அவள் எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தாள். பாதத்தைத் தரையில் அழுத்தி நிறுத்தினாள்.

“காலைல எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாத்துக்கறேன் அண்ணி. நாலையும். நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க. மதியம் முடியாது.”

“மதியம் ஏன் முடியாது?”

கணவன் தன் கன்னத்தைப் பிடித்துக் காட்டினான். பல், பல். வக்கீல் அவன் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தரையில் உருண்டை வெள்ளைக் கட்டையை எடுத்து வாயில் வைக்கப் போனான். அவள் குனிந்து அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். எச்சில் பட்டு ஈரமாக இருந்தது.

“உடம்புக்கு ஏதாவதா?” அண்ணியின் குரல் தணிந்தது. “மறைக்காம சொல்லு.”

“இல்ல அண்ணி. நல்லாத்தான் இருக்கேன்.”

“யாரையாவது பாக்கணுமா?”

“யாரையும் இல்ல.”

“அப்புறம் என்னம்மா?” கோபம் இல்லை அந்தக் கேள்வியில். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளின் கேள்வி. “வேலை இல்லங்கற, நோவு இல்லங்கற. ஒண்ணுமில்லாததுக்கா என் பிள்ளைங்கள வேணாங்கற?”

அது தைத்தது. தைக்கட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டாள். ஒட்டின் சிணுங்கல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“வேணாம்னு இல்ல அண்ணி” என்றாள், சாப்பிட்டீங்களா என்று கேட்கும் அதே குரலில். “அந்த ஒரு மணி நேரம் மட்டும் முடியாது.”

“காரணம்?”

“காரணம் இல்ல அண்ணி. முடியாது.”